காக்கி இடுப்பும் வேட்டி இடுப்பும்

பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வாசலில் 2024 டிசம்பர் 20 அன்று ஒருவரைக் கும்பலாக வந்து வெட்டிக் கொன்றார்கள். ஊரே பதறிப்போன அந்தக் கொலைக்குப் பிறகு, நீதிமன்ற வளாகங்களில் துப்பாக்கி ஏந்திய போலீசாரை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. அப்படி நிற்கிற உதவி ஆய்வாளரின் இடுப்பில் இருக்கும் பிஸ்டல் உறை எல்லார் கண்ணிலும் படும். படவேண்டும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. அதே ஊரில் வெள்ளை வேட்டி சட்டையில் போகும் துப்பாக்கி லைசென்ஸ்கார அண்ணாச்சி ஒருவரின் இடுப்பிலும் ஓர் உறை இருக்கலாம். அது யார் கண்ணிலும் படக்கூடாது.

இந்த இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தாமிரபரணிப் பக்கத்தில் உரிமம் வாங்கும் அரிசி ஆலைக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் குவாரிக்காரர்களும் எந்தத் துப்பாக்கி, என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். உறை என்று வந்தால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததே போதும் என்றாகிவிடுகிறது. பயிற்சி பற்றிய பேச்சு அதற்கும் கீழே. போலீஸ்காரர் இடுப்பில் பார்த்ததைப் போல ஒன்று தனக்கும் இருந்தால் சரி என்ற நினைப்பு பலருக்கு. அந்த நினைப்பு ஆபத்தானது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள். உரிமம் ஐந்தாண்டு செல்லும். எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்பதை 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு சேர்த்துக் கட்டிய உறையிலோ அதற்கென்று உள்ள பையிலோ இருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டை விட்டு விலகக் கூடாது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோகத் தனி அனுமதி கேட்க வேண்டும். நம் ஊரில் மறைப்பதுதான் கடமை. தெரியும்படி கொண்டுபோவதுதான் விதிமீறல். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் எடுத்துக் காட்டுவது கூடாது. பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி கொண்டாட்டத்துக்குச் சுட்டால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆக, உதவி ஆய்வாளரின் உறையும் அண்ணாச்சியின் உறையும் பிறக்கும்போதே எதிரெதிர் வேலைக்குப் பிறந்தவை.

காக்கி இடுப்பில் இருக்கும் பழைய தோல் உறையைக் கவனித்தால் அதன் நோக்கம் புரியும். பிஸ்டலின் பிடியையும் சேர்த்து மூடுகிற மடல். மடலைப் பூட்டப் பித்தளைக் குமிழ். பிடியின் அடியிலுள்ள வளையத்திலிருந்து ஒரு கயிறு. சட்டென்று உருவ இதில் வழியில்லை. அது குறையல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் நிற்கும் காவலருக்கு முதல் ஆபத்து, நெரிசலில் தன் துப்பாக்கியையே இன்னொருவன் பிடுங்கிவிடுவது. தோளோடு தோள் இடிக்கிற அந்தக் கூட்டத்தில் வேகத்தை விட்டுக்கொடுத்துப் பிடிமானத்தை வாங்கிய உறை அது. விட்டுக்கொடுத்த வேகத்தை ஈடுசெய்யப் பக்கத்தில் லத்தியோடு நாலு பேர், கொஞ்சம் தள்ளி நீளத் துப்பாக்கியோடு இரண்டு பேர், கையில் வாக்கி டாக்கி.

வேட்டி இடுப்புக்கு இந்தத் துணை எதுவும் கிடையாது. அவர் தனியாள். கூட்டத்தில் அவருடைய பாதுகாப்பு, துப்பாக்கி இருப்பது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். தெரிந்துவிட்டால், மடலும் கயிறும் இல்லாத அவருடைய உறையிலிருந்து பிடுங்குவது சுலபம். "அவரு இடுப்புல சாமான் இருக்கு" என்று டீக்கடையில் பேச்சு வந்துவிட்டாலே அந்த உறை தோற்றுவிட்டது. பெருமைக்காகச் சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டுகிறவர் சட்டத்தை மீறுவதோடு, தனக்கிருந்த ஒரே காப்பையும் தானே களைந்துவிடுகிறார்.

இங்கேதான் உடை என்ற பெரிய சிக்கல். வெளிநாட்டில் எழுதப்பட்ட உறை பற்றிய ஆலோசனைகள் எல்லாம் ஜீன்ஸையும் கனமான பெல்ட்டையும் வைத்துக்கொண்டு எழுதியவை. உறையின் கொக்கி கடினமான பெல்ட்டைக் கவ்வி நிற்க வேண்டும். பெல்ட் தொய்ந்தால் பிஸ்டல் வெளிப்பக்கம் சாயும், உருவும்போது உறையும் கூடவே வரும். வேட்டியின் மேல் நம் ஆட்கள் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட் இடுப்பைச் சுற்றி நன்றாக இறுகும். ஆனால் பக்கவாட்டில் கனம் தாங்கும் விறைப்பு அதற்கு இல்லை. அதைவிட மோசம், அதிலிருக்கும் பணப்பை. பிஸ்டலை அந்தப் பைக்குள்ளோ, பட்டாபட்டி டிராயரின் பைக்குள்ளோ போட்டுக்கொள்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சாவிக்கொத்தும் சில்லறையும் இருக்கிற இடத்தில் விசைக்குக் காப்பு இல்லை. ஒரு சாவி விசையைச் சுற்றிய வளையத்துக்குள் நுழைந்தால் போதும்.

வேட்டியை மடித்துக் கட்டுவது நமக்கு அனிச்சையான செயல். வாய்க்கால் தாண்டும்போதும் பைக்கில் ஏறும்போதும் கை தானாகவே போகும். அந்த நேரத்தில் சட்டை மேலேறும், உறையின் வாய் தெரியும். சட்டையே தனிப் பிரச்சினை. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டினால் பிஸ்டலின் அச்சு அப்படியே தெரியும். அடர்த்தியான கதர்ச் சட்டை, ஒரு சுற்றுப் பெரிதாகத் தைத்தது, இதைவிட எவ்வளவோ நல்லது. என் தீர்ப்பு இதுதான்: உறையோடு வெளியே போக வேண்டிய நாளில் வேட்டியை விட்டுவிட்டு, விறைப்பான பெல்ட் போட்ட பேன்ட்டுக்கு மாறுங்கள். வேட்டிதான் வேண்டும் என்றால் உள்ளே தனியாக ஒரு விறைப்பான பட்டை கட்டி, அதில் உறையைப் பொருத்துங்கள். அண்ணாச்சிமார் சிலருக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் உடை மாறித்தான் ஆக வேண்டும்.

பெண்களின் நிலை இதைவிடச் சிக்கல். 2014 ஜனவரியில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை ஏறக்குறைய 500 கிராம், விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். புடவை இடுப்பில் அதை எங்கே எப்படி வைப்பது என்பதற்கு அந்தப் பெட்டியில் பதில் இல்லை. கடைசியில் கைப்பைக்குள் போகிறது. செயினையும் பையையும் பறித்துக்கொண்டு பைக்கில் பறக்கிற திருடனுக்கு அப்படியொரு துப்பாக்கியும் சேர்ந்து கிடைக்கும். பைதான் வழி என்றால் துப்பாக்கிக்கென்று தனி அறையும் அதற்குள் விசையை மூடுகிற உறையும் உள்ள பையாக, தோளில் குறுக்காக மாட்டுகிற பையாக இருக்க வேண்டும்.

உறை எதனால் செய்தது என்பதற்கு வருவோம். தோலா, கைடெக்ஸா? கைடெக்ஸ் என்பது சூட்டில் இளக்கித் துப்பாக்கியின் வடிவத்துக்கே வார்த்தெடுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக். தோல் உடம்புக்கு இதமானது, சத்தம் போடாது, நாள்பட நாள்பட இடுப்பின் வளைவுக்குப் பழகிக்கொள்ளும். ஆனால் பங்குனி தொடங்கி ஆனியில் சாரல் வரும்வரை திருநெல்வேலியில் வேர்வை வடியாத மத்தியானம் ஏது? தோல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு எஃகை அரிக்கும். தோலைப் பதப்படுத்திய உப்புகள் தோட்டாவின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். இதையெல்லாம்விடக் கவலை தருவது, பழகித் தொய்ந்த தோலின் விளிம்பு. துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது உள்ளே மடிந்த விளிம்பு விசையை அழுத்தித் தொடையில் குண்டு பாய்ந்த விபத்துகள் வெளிநாட்டில் நடந்திருக்கின்றன. போலீஸ் உறைக்கும் இதே தோல்தான். ஆனால் அது பேன்ட்டுக்கு வெளியே, காற்றுப்படத் தொங்குகிறது. வேட்டி இடுப்பின் உறை தோலோடு தோலாக ஒட்டிக் கிடக்கிறது. ஒரே பொருள், இரண்டு இடங்களில் இரண்டு குணம்.

கைடெக்ஸ் வேர்வையை உறிஞ்சாது. கழுவித் துடைத்தால் தீர்ந்தது. வாய் எப்போதும் திறந்தே நிற்கும், ஒரு கையால் துப்பாக்கியைத் திரும்ப வைக்கலாம். சரியாக உட்கார்ந்தால் 'டக்' என்று கேட்கும். உடம்பில் உறுத்தும் என்பது உண்மை. வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் போட்டுவைத்தால் நெளியும். இருந்தாலும் இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வேக்காட்டுக்கு, உடம்போடு ஒட்டி அணிகிற உறைக்கு, கைடெக்ஸ்தான் என்று தயங்காமல் சொல்வேன். எதை வாங்கினாலும் சோதனை மூன்று. விசையைச் சுற்றிய வளையம் முழுக்க மூடியிருக்கிறதா? துப்பாக்கியைக் காலி செய்து உறையில் வைத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினால் விழாமல் நிற்கிறதா? உருவிய பிறகும் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்கிறதா? எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கிற துணி உறை இந்த மூன்றிலும் தேறுவது அரிது.

இனி நேரம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

1983-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீசைச் சேர்ந்த டென்னிஸ் டியூலர் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்பவன் ஓடிவந்து குத்த எவ்வளவு நேரமாகும் என்று சோதித்துப் பார்த்தார். ஏறக்குறைய ஒன்றரை நொடி. பயிற்சி பெற்ற காவலர் திறந்த உறையிலிருந்து உருவிச் சுடவும் அதே ஒன்றரை நொடி ஆகும். நம் ஊரில் கத்திக்குப் பதில் அரிவாள். அதன் நீளத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓட்டத்துக்குப் பதில் பைக். 21 அடி என்பது ஒரு சின்னத் தெருவின் அகலம். போலீசாரின் மடல் உறையில் குமிழைத் திறக்கவே அந்த நேரம் போய்விடும். வேட்டி இடுப்பில் முதலில் சட்டையை விலக்க வேண்டும், பிறகு பிடி கைக்கு அகப்பட வேண்டும். பழக்கமில்லாதவருக்கு மூன்று நொடி, நான்கு நொடி தாராளமாக ஆகும்.

மறைந்திருக்கும் ஆயுதத்தின் பலன் தாக்குகிறவனுக்கே முழுதாகக் கிடைக்கிறது. இந்த வட்டாரத்து வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், நின்றிருந்த ரயில் பெட்டியில் இருந்த கலெக்டர் ஆஷை, செங்கோட்டை வாஞ்சிநாதன் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால் மிக அருகில் நின்று சுட்டார். அந்தச் செயலின் அரசியலுக்குள் நான் போகவில்லை. அது தனி நூல்களுக்கு உரியது. நேரம், இடம், தூரம் மூன்றையும் வந்தவரே தேர்ந்தெடுத்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். தற்காப்புக்காக உறையைக் கட்டியிருப்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. எதிராளி தொடங்கிய பிறகுதான் அவர் தொடங்க முடியும். சட்டமும் அப்படித்தான் விரும்புகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. போலீசிடம் போக நேரமிருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்புகளும் அங்கேயே இருக்கின்றன.

இந்த நேரக் கணக்கைப் பயிற்சியால் மட்டுமே குறைக்க முடியும். பயிற்சியில்தான் இரண்டு இடுப்புகளுக்கும் உள்ள தூரம் மிக அதிகம்.

காவலருக்குப் பயிற்சிப் பள்ளியிலேயே ஆயுதம் அறிமுகமாகிவிடுகிறது. மணிமுத்தாறில் சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள் இருக்கின்றன. தாமிரபரணியின் கீழ்ப்பக்கம் வல்லநாட்டில் போலீசார் சுட்டுப் பழகும் தளம் இருக்கிறது. குறைகள் அங்கும் உண்டு. சுடுதளப் பயிற்சி பெரும்பாலும் நின்ற இடத்தில் நின்று இலக்கைச் சுடுவதாகவே இருக்கிறது. உறையிலிருந்து உருவுவதற்கும் ஓடிக்கொண்டே முடிவெடுப்பதற்கும் இன்னும் நேரம் ஒதுக்க வேண்டும். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை இரவில் துரத்திப் போன சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் புதுக்கோட்டை மாவட்டத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். ரோந்து போகிறவர்கள் துப்பாக்கியோடு போக வேண்டும் என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு அதன்பிறகு வலியுறுத்தினார். துப்பாக்கி கொடுப்பது பாதி வேலை. இருட்டில், மூச்சு வாங்கும்போது அதை உறையிலிருந்து எடுக்கக் கை பழகியிருப்பது மறுபாதி. வல்லநாட்டை அடுத்த மணக்கரையில் 2020 ஆகஸ்டில் குற்றவாளியைப் பிடிக்கப் போன காவலர் ஒருவர் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். எந்த உறையும் எந்தப் பயிற்சியும் தடுக்க முடியாத சாவுகளும் இருக்கின்றன.

லைசென்ஸ்காரருக்கு என்ன இருக்கிறது? 2016 விதிகளின்படி உரிமம் கேட்பவர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துச் சான்று காட்ட வேண்டும். நல்ல விதி. ஆனால் அது தொடக்கம்தான். சான்று வாங்கிய கையோடு பலருக்குப் பயிற்சி முடிந்துவிடுகிறது. சென்னை, கோவை, மதுரை ரைபிள் கிளப்புகளில் சேரலாம். அங்கே கற்பது விளையாட்டுச் சுடுதல். ஒலிம்பிக் முறைப் பிஸ்டல் போட்டிகளில் உறைக்கே இடமில்லை. கையில் பிடித்த பிஸ்டலோடு நின்றே தொடங்குவார்கள். குறி பழகும், மூச்சு பழகும், சட்டையை விலக்குவது பழகாது. கல்லூரி நாளில் என்.சி.சி.யில் குப்புறப் படுத்து .22 ரைபிள் சுட்டதை நினைத்து நம்பிக்கையோடு இருக்கிறவர்களும் உண்டு. அந்தப் பயிற்சியின் ஒழுங்கு நல்லது. ஆனால் இடுப்புக்கு அது உதவாது.

ஆகவே வீட்டில் செய்யக்கூடிய வெற்றுப் பயிற்சியே லைசென்ஸ்காரரின் முதல் பள்ளிக்கூடம். அதை முறையாகச் செய்ய வேண்டும். மேகசினைக் கழற்றி, தோட்டா அறையைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் காலிதானா என்று பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிய பிறகே தொடங்குவது. ஆள் நடமாட்டமில்லாத கெட்டிச் சுவரைப் பார்த்து நிற்பது. இடது கையால் சட்டையைத் தூக்கி மார்போடு சேர்த்துப் பிடிப்பது. வலது கை பிடியை முழுதாகப் பற்றுவது. நேர் மேலே உருவுவது. உறையை விட்டு வெளியே வந்த பிறகே குழலை முன்னால் திருப்புவது. சுடுவது என்று முடிவெடுக்கும்வரை ஆட்காட்டி விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் உடலோடு நீட்டியபடி. முதலில் மெதுவாக, பல வாரங்கள் மெதுவாகவே. திரும்ப வைப்பது அதைவிட மெதுவாக. உறையின் வாய்க்குள் சட்டை நுனி போகவில்லை என்று கண்ணால் பார்த்து, விரல் வெளியே இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு. திரும்ப வைப்பதில் அவசரத்துக்கு ஒரு காரணமும் கிடையாது. நடக்கிற விபத்துகளில் பல அந்த இடத்தில்தான் நடக்கின்றன. வெளியே போகும்போது எந்தச் சட்டை, எந்தப் பெல்ட்டோ அதே உடையில் பழகுவது. உட்கார்ந்தபடியும், காரில் சீட் பெல்ட் போட்டபடியும் பழகுவது.

பிஸ்டலின் அறையில் தோட்டாவை ஏற்றியே வைத்திருப்பதா, காலியாக வைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றிவைத்தால் ஒரு நொடி மிச்சம். இங்கே வழக்கமான .32 பிஸ்டலை, வாரத்துக்கு ஒருமுறைகூடப் பழகாத கையில், அப்படி வைத்திருக்க நான் சொல்லமாட்டேன். அந்த ஒரு நொடி வேண்டும் என்கிறவர் முதலில் ஆறு மாதம் பழகட்டும். போலீசாரின் 9 எம்.எம். பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை என்பதால், துப்பாக்கியிலும் அவர்களைப் பின்பற்ற முடியாது.

வேலை முடிந்த பிறகு உள்ள வித்தியாசத்தை யாரும் பேசுவதில்லை. காவலரின் துப்பாக்கி பணி முடிந்ததும் கையெழுத்தோடு ஆயுதக் கிடங்குக்குத் திரும்புகிறது. அண்ணாச்சியின் துப்பாக்கி வீட்டுக்குப் போகிறது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு. உறையோடு கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிடும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். உறை பூட்டல்ல. இரும்புப் பெட்டியில் துப்பாக்கி ஒரு தட்டிலும் தோட்டா வேறு தட்டிலும் இருக்க வேண்டும். தோல் உறையிலிருந்து எடுத்துத் துடைத்து எண்ணெயிட்டு வைக்க வேண்டும்.

 

மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் ஒரு காரியம் செய்யலாம். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் காவல் நிலையங்களில் ஒப்படைக்கச் சொல்லி, முடிந்ததும் திருப்பித் தருகிறார்கள். யார் யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் கைத்துப்பாக்கி உள்ளவர்களை மட்டும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லநாட்டுச் சுடுதளத்துக்கு அழைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆயுதப் படைப் பயிற்சியாளர் ஒருவர் முன்னிலையில் உறையிலிருந்து உருவவும் திரும்ப வைக்கவும் பழக்கலாம். வருகிறவர் தன் சொந்த உறையோடு, வழக்கமாக அணியும் உடையிலேயே வரட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்கும்போது, சுட்ட தாளில் எத்தனை ஓட்டை என்று பார்ப்பதற்கு முன்னால், பத்து முறை விரல் விசையைத் தொடாமல் துப்பாக்கியை உறைக்குள் வைக்கச் சொல்லிப் பார்க்கட்டும். பத்தில் ஒருமுறை தவறினாலும், தேறும்வரை துப்பாக்கி காவல் நிலையத்திலேயே இருக்கட்டும்.